நாலு ஜிபி கார்டு

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெரியவர் மகனுடன் வந்தார். பையன் கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் கார்டு, வேண்டும். கடையில் ஜிடி 730 என்ற மாடல் இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் 2 ஜிபி மெமரி, ஜிடிடிஆர்5 வகை. மற்றதில் 4 ஜிபி, டிடிஆர்3 வகை.

"ரெண்டு எதுக்குங்க தம்பி, நாலே குடுத்துருங்க" என்றார். அதுதான் உசத்தி என்று நானும் நம்பினேன். எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் பையன் மட்டும் வந்தான். "அண்ணா, பிரண்டோட ரெண்டு ஜிபி கார்டுல நல்லா ஓடுது. என்னுதுல திக்கித் திக்கி நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கார்டையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டு கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரில் பார்த்தேன். சிப்பில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் கணக்குப் போடும் கோர்கள் 384, சிப் ஓடும் வேகமான கிளாக் 902 மெகாஹெர்ட்ஸ். மெமரிக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள பாதையான மெமரி பஸ்ஸும் இரண்டிலும் 64 பிட்தான். ஆனால் டிடிஆர்3 ஒவ்வொரு பிட் தடத்திலும் நொடிக்கு 1.8 ஜிகாபிட் அனுப்பும். அதை 64ஆல் பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால், நொடிக்கு 14.4 ஜிபி. ஜிடிடிஆர்5 அனுப்புவது 5 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 40 ஜிபி. நெல் குடோன் எவ்வளவு பெரிதானால் என்ன, மூட்டை வெளியே வரும் வாசல் குறுகலாக இருந்தால் மில் சும்மாதான் நிற்கும். அன்றே கார்டை மாற்றிக் கொடுத்தோம்.

அதற்காக ஜிபி முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ என்ற கார்டில் 8 ஜிபி, 16 ஜிபி இரண்டுக்கும் ஒரே சிப், நொடிக்கு ஒரே 288 ஜிபி மெமரி வேகம். சாதாரண கேமில் இரண்டும் ஒன்றுபோல ஓடும். கேமில் பொருள்களின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்கள் பெரிதாகி 8 ஜிபிக்குள் அடங்காதபோது மட்டும், மீதியை கம்ப்யூட்டரின் ராமிலிருந்து, கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டிவரும். அது மெதுவான வழி. படம் அங்கே வெட்டும்.

கிளாக் விஷயத்தில் எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரி தொடும். கார்டு சூடேறினால் தானே கிளாக்கைக் குறைத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி ஃபேனில் அப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் குறையும். ஓவர்கிளாக் செய்து, அதாவது கிளாக்கை வழக்கத்துக்கு மேல் ஏற்றித் தரச் சொல்லி வரும் பையன்களின் கார்டை முதலில் கழற்றி ஊதுகிறேன். சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுகிறேன். பெரும்பாலும் அவர்கள் கேட்ட வேகம் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

"எத்தனை ஜிபி?" என்று யாராவது கேட்டால், இப்போது பெட்டியைத் திருப்பி மெமரி வகை அச்சிட்ட வரியைத்தான் முதலில் காட்டுகிறேன்.