அப்பா பெயரில் இரண்டு வருடம்

எங்கள் மார்மன் சபைக்காக வேற்றூர் போய்ச் செய்யும் பிரசார ஊழியம்தான் மிஷன். அதன் விண்ணப்பத்தில் என்னை முதலில் தடுமாற வைத்தது 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். நமக்கு ஏது அது? அப்பாவின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யோசிக்கவில்லை. மிஷனரியை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர், அதோடு குடும்பப் பெயர். சட்டைப் பையில் மாட்டும் கறுப்புப் பட்டையிலும் அதுதான் இருக்கும். சபை வாசலை ஒருநாளும் மிதிக்காத, நான் போவதில் துளியும் இஷ்டமில்லாத அப்பாவின் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு பிலிப்பைன்ஸ் தெருக்களில் இரண்டு வருடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினேன்.

நான் கிளம்பியது 2013-இல். அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில்தான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது ஊர் பேச்சில் மார்மன் சபை, மிஷன் போகும் வயதைக் குறைத்திருந்தது. ஆண்களுக்கு 19-லிருந்து 18, பெண்களுக்கு 21-லிருந்து 19. உலகம் முழுக்கப் பையன்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய நேரம். எனக்கு 20 ஆகியிருந்ததால் நான் ஏற்கெனவே தாமதம். உள்ளூர்ச் சபைத் தலைவரோடு நேர்காணல், அவருக்கு மேலே இருப்பவரோடு இன்னொன்று, மருத்துவர், பல் மருத்துவர், தடுப்பூசிகள். எந்த நாடு என்பதை நாம் சொல்ல முடியாது, கேட்கவும் கூடாது. அப்போதெல்லாம் சால்ட் லேக் சிட்டியிலுள்ள சபைத் தலைமையகத்திலிருந்து வரும் பெரிய வெள்ளை உறையைப் பிரித்தால்தான் தெரியும். குடும்பத்தையே சுற்றி உட்கார வைத்துப் பிரிப்பது அமெரிக்கர்களின் வழக்கம். நான் மொட்டை மாடியில் தனியாக நின்று பிரித்தேன். உள்ளே அப்போதைய தலைவர் தாமஸ் எஸ். மான்சன் கையெழுத்திட்ட கடிதம். 24 மாதம், பிலிப்பைன்ஸ், மொழி செபுவானோ. அந்த மொழியின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"சம்பளம் எவ்வளவு?" என்றார் அப்பா. கிடையாது என்றேன். அமெரிக்கக் குடும்பங்கள் அப்போது மாதம் 400 டாலர் கட்டின. எங்களைப் போன்றவர்கள் முடிந்ததைக் கட்டினால் மீதி சபையாரின் காணிக்கை நிதியிலிருந்து வரும். "அப்போ நாமளே காசு கட்டி, படிப்பையும் விட்டுட்டு வேலைக்குப் போகணும்?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

முதல் சில வாரங்கள் மணிலாவில், கேசோன் சிட்டி ஆலயத்துக்குப் பக்கத்திலிருக்கும் பயிற்சி மையத்தில். காலை 6:30-க்கு எழ வேண்டும், இரவு 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். மொழியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் ராஜா. செபுவானோவில் 'நாம்' என்பதற்கு 'கிதா', 'நாங்கள்' என்பதற்கு 'காமி'. அமெரிக்கப் பையன்களுக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏறவே இல்லை. கடவுளிடம் ஜெபிக்கும்போது "நாம் பாவிகள், நம்மை மன்னியும்" என்று அவரையும் பாவிகள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்குச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. மற்றபடி வினைச்சொற்களில் எல்லோரையும் போல நானும் திண்டாடினேன்.

அப்புறம் செபுத் தீவு. அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிட "அயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். மரியாதையான அழைப்பு அது. ஆனால் நம் வாயில் அது எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையும் டையுமாக, ஒரு கதவு விடாமல் "ஐயோ! ஐயோ!" என்று கத்திக்கொண்டு போனேன். முதல் வாரம் என் குரலைக் கேட்டு எனக்கே அழுகை முட்டியது. இரண்டாவது வாரம் சிரிப்பு வந்தது.

கதவுகள் ஏன் திறக்கவில்லை என்று புரிய இன்னும் சில நாள் ஆனது. பிலிப்பைன்ஸில் இந்தியர் என்றால் 'பும்பாய்', பும்பாய் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிப்பவர். ஐந்து வாங்கினால் ஆறாகக் கட்ட வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்கே 'ஐந்து-ஆறு' என்று பெயர். கையில் பையோடு ஓர் இந்தியன் தெருவில் நுழைந்தால் பாதித் தெரு உள்ளே போய்விடும். சின்னப் பையன் ஒருவன் வெளியே வந்து, "அம்மா இல்லை" என்பான். திரைச்சீலைக்குக் கீழே அம்மாவின் கால்கள் தெரியும். என் முதல் கம்பானியன் லூசோன் தீவிலிருந்து வந்த பிலிப்பைன்ஸ்காரன், நல்ல நகைச்சுவைக்காரன். "பயப்படாதீங்க அக்கா, இவன் வசூலிக்க வரலை, கொடுக்கத்தான் வந்திருக்கான்!" என்று உரக்கக் கத்துவான். அப்படித் திறந்த கதவுகள்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் பாடங்கள். பாடம் என்றால் உட்கார்ந்து ஜெபித்து, சபையைப் பற்றி, எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைப் பற்றிப் பேசுவது.

கம்பானியன் என்று சொன்னேன் இல்லையா, மிஷனில் எல்லாமே அதைச் சுற்றித்தான். எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கண்ணிலும் காதிலும் படும் தூரத்தில் மற்றவர் இருந்தாக வேண்டும், குளியலறை மட்டும் விதிவிலக்கு. யாரோடு என்பதை மிஷன் பிரசிடென்ட் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். உங்கள் ஜோடி மாறலாம், ஊரும் மாறலாம், மாறாமலும் போகலாம். மொழி தெரியாத தேசம், மூடிய கதவு, நாய்க்கடி, அழுக்குத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கு, இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது தனிமை கிடைக்காததுதான். ஐந்து நிமிடம் தனியாக நடந்துபோய் ஒரு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன்.

2013 அக்டோபர் 15. காலை எட்டு மணி என்பது தனிப் படிப்பு நேரம். 8:12-க்கு மேசை நகர்ந்தது. கம்பானியன் விளையாடுகிறான் என்று நினைத்து முறைத்தேன். பிறகு சுவரே நகர்ந்தது. போஹோல் தீவை மையமாகக் கொண்ட 7.2 நிலநடுக்கம். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். செபு நகரில் சாந்தோ நீன்யோ பசிலிக்காவின் மணிக்கூண்டு சரிந்தது. அன்று பொது விடுமுறை என்பதால் பள்ளிகளில் குழந்தைகள் இல்லை. பல நாள் நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. சரி, இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. நவம்பர் 8-ஆம் தேதி ஹையான் புயல் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை யோலாண்டா என்பார்கள். தக்லோபான் நகரம் கடலுக்குள் போய் வந்ததைப் போலாகிவிட்டது. செபுவின் வட முனையும் தப்பவில்லை. நாங்கள் டையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு தகரம் பொறுக்கினோம், ஆணி அடித்தோம், அரிசி மூட்டை சுமந்தோம். இரண்டு வருடத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான் தூங்கிய இரவுகள் அவை மட்டும்தான்.

தக்லோபானில் இருந்த மிஷனரிகளை மணிலாவுக்குக் கொண்டுபோய், பிறகு வேறு வேறு மிஷன்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அப்படி வந்த ஒருவன் எனக்குக் கம்பானியன் ஆனான். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையன், 19 வயது. ஒரே ஒரு பையோடு வந்தான், அதில் இருந்த சட்டைகளும் இரவல். எங்கள் அறையில் ஒரே ஒரு மின்விசிறி. புழுக்கத்தில் அது இல்லாமல் கண் மூட முடியாது. அவனோ நடு இரவில் எழுந்து அதை அணைத்துவிடுவான். நான் எழுந்து போடுவேன். மறுபடியும் அணைப்பான். வாரம் ஒருமுறை கம்பானியன்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனத்தாங்கலைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஜெபத்தோடு ஆரம்பிக்கும் சண்டை என்று நாங்கள் அதைக் கிண்டலடிப்போம். அதில் நான் விசிறி விஷயத்தை எடுத்தேன். சத்தம் பிடிக்கவில்லை என்றான், அவ்வளவுதான். சுயநலக்காரன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மூன்று வாரம் நாங்கள் பாடம் நடத்த மட்டுமே வாய் திறந்தோம்.

பிப்ரவரியில் ஒருநாள் பேய் மழை. தகரக் கூரையில் காற்று இரைந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் கட்டிலுக்குக் கீழே இருந்தான். விசிறிச் சத்தம் அவனுக்கு எதை நினைவூட்டியது என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அவன் எங்கிருந்து வந்தான் என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு விசிறிக்காக அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நானும் கீழே இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க செபுவானோவும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. அடுத்த மாதம் அவன் ஊர் திரும்பிவிட்டான். மிஷனை முடிக்காமல் திரும்புவது அவர்கள் ஊரில் எவ்வளவு பெரிய பேச்சாகும் என்று மார்மன்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் அவன் தன் பெயர்ப்பட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அதற்குப் பிந்தைய மாதங்கள் வறண்டவை. ஒவ்வொரு ஞாயிறு இரவும் எண்ணிக்கை சொல்ல வேண்டும். எத்தனை பாடம், எத்தனை புதியவர்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம். எங்களுக்கு மேலிருந்த ஒரு தலைவர் (அவருக்கும் 21 வயதுதான், மீசைகூட சரியாக முளைக்கவில்லை) என் பூஜ்யங்களைக் கேட்டுவிட்டு, "உன் விசுவாசத்தில் என்ன குறை என்று யோசித்துப் பார்" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தேன். என்னை நானே தின்றேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பூஜ்யத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. மீன் விற்கும் ஓர் அக்கா ஏழு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவரே கேட்டார். ஆனால் அவரோடு வாழ்ந்தவருக்கு இருபது வருடத்துக்கு முன் வேறொரு திருமணம் நடந்திருந்தது. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் இல்லை. நீதிமன்றத்தில் திருமணத்தை ரத்து செய்ய ஆகும் செலவு மீன் விற்றுக் கட்டும் தொகை இல்லை. திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவருக்கு சபை ஞானஸ்நானம் தராது. நான்கு குழந்தைகளின் அப்பாவை விட்டுப் பிரிந்து வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவார். என் கணக்கில் அவர் பூஜ்யம்.

நல்ல நாட்களும் இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டில் கருவாடும் சோறும் மட்டும் இருந்தால்கூட "காஓன் தா", வா சாப்பிடலாம், என்பார்கள். அந்தத் 'தா'-வில் நானும் அடக்கம், அது 'நாம்'. தென்னங்கள்ளை விட்டுவிட்டு எழுபது வயதில் ஞானஸ்நானம் எடுத்த ஒரு தாத்தாவை நான்தான் தண்ணீரில் முழுக்கினேன். உடல் முழுக்க உள்ளே போக வேண்டும் என்பது விதி. முதல் தடவை கட்டைவிரல் வெளியே நின்றது, இரண்டாவது தடவை முழங்கால். மூன்றாவது தடவை எழுந்தபோது, "இனிமே பாவம் பாக்கி இருந்தா அது உன் பொறுப்பு" என்றார்.

வீட்டோடு பேச்சு என்றால் திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல், வருடத்துக்கு இரண்டு அழைப்பு: கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். (2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். கேட்டபோது சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.) முதல் கிறிஸ்துமஸ் அன்று ஒரு சபைக் குடும்பத்தின் கணினியில் ஸ்கைப். அம்மா அழுதுகொண்டே இருந்தாள். அப்பா ஓரமாக நின்று சாப்பாடு, வெயில், காசு என்று மூன்றே கேள்வி கேட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் பிள்ளைகள் ஒரு கும்பலாக வந்து, "எல்டர்!" என்று சேர்த்து அவர் பெயரைக் கத்தினார்கள். அப்பா திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாருடா அங்க என்னைக் கூப்பிடறது?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரைக் கெடுக்காம வா" என்றார். அதற்குப் பிறகு மின்னஞ்சல்களின் கடைசியில் அம்மாவின் எழுத்துக்குக் கீழே அவரும் ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தார்.

2015-இல் திரும்பினேன். மறுநாள் சபைத் தலைவர் ஒருவரைப் பார்த்து, மிஷன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். பத்து நிமிட வேலை. எப்படி இருந்தது என்று கேட்டார், ஜெபித்தார், இனி பட்டையைக் கழற்றிவிடலாம் என்றார். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தெருவில் தனியாக. எத்தனை நாள் ஏங்கிய நடை அது! நான்கு முறை நின்று திரும்பிப் பார்த்தேன், கம்பானியன் வருகிறானா என்று.

வீட்டு வாசல் கதவு பூட்டியிருந்தது. கை தானாகக் கம்பியைத் தட்டியது. வாயும் தானாகக் கத்தியது.

"அயோ!"

அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். பின்னாலேயே அப்பா, கையில் செய்தித்தாளோடு.

"என்னடா ஆச்சு?"