ஊரே இல்லாத அட்ரஸ்

இன்னைக்கு உசிலம்பட்டி போஸ்டாபீஸ்ல எனக்கு முன்னாடி ஒரு அம்மா, வெள்ளத்துணி போட்டு தச்ச பார்சலோட நின்னாங்க. உள்ள அதிரசம் போல, ஒரு மூலையில எண்ணெய் ஊறி மார்க்கர் எழுத்து லேசா பரவியிருந்துச்சு.

"எந்த ஊருக்கும்மா?"

"பட்டாளத்துல இருக்க எம்மவன் அத சொல்ல மாட்டான்யா. அதுல எழுதிருக்குல்ல, அதான்."

எட்டிப் பாத்தேன். பேரு, யூனிட்டு, 9ல ஆரம்பிக்குற பின்கோடு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அதாவது ஆர்மி போஸ்ட் ஆபீஸ். அவ்வளவுதான், ஊரும் கிடையாது மாநிலமும் கிடையாது. டெல்லி போயி அங்கருந்து ஆர்மி தபால்காரங்க கையில கொண்டு சேத்துருவாங்க. 99 ஏ.பி.ஓ.ன்னா கல்கத்தா வழி.

நம்ம பட்டாளத்துல ஊரக்கூட வெளிய சொல்றதில்ல. ஆனா அமெரிக்காவுல ஈராக் போன சோல்ஜருங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் நெட்ல எழுதித் தள்ளுனாங்க, அதையெல்லாம் தேடிப்பிடிச்சு லிஸ்ட் போடவே ஆள் இருந்துச்சு. 2007ல அவங்க ராணுவமும் மேலதிகாரிட்ட கேக்காம போடாதன்னு ரூல் போட்டுச்சு. நம்மாளுங்களுக்கு 2020 ஜூலைல ஃபேஸ்புக் உட்பட 89 ஆப்ப தூக்கச் சொல்லிட்டாங்க. நியாயந்தான், ஒரு போட்டோ போதும் எடத்தக் கண்டுபிடிக்க.

ஆனா வீட்ல இருக்கவங்க கத? லீவு கேன்சலானதால தள்ளிப்போன காதுகுத்து, வீடியோ கால்ல மட்டுமே அப்பாவப் பாத்த புள்ள, இதெல்லாம் எந்த ரகசியம்? இதையும் யாரும் எழுத மாட்டேங்குறாங்களே.

பேரையூர், திருமங்கலம் பக்கம் பட்டாளத்து வீட்டுக்காரங்க யாராச்சும் எழுதுறீங்கன்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நானே ஒரு லிஸ்ட் போடுறேன். யூனிட் பேரு மட்டும் வேணாம் தாயீ.