காகமும் தாதமும்

அக்காவின் மகளுக்கு மூன்றரை வயது. எந்த ஊர் என்று கேட்டால் "திருதோணமலை" என்கிறாள். காகம் அவளுக்கு "தாதம்". நேற்றுப் பின்னேரம் திருகோணமலையின் டச்சு பே கடற்கரையில் உட்கார்ந்து இதையே விளையாட்டாக்கினோம்.

'க' சொல்ல நாக்கின் பின்பகுதி எழுந்து பின் அண்ணத்தை அடைக்க வேண்டும். அவளுக்கு நாக்கு நுனிதான் முந்துகிறது. அது பல்லில் பட்டதும் 'த' வந்துவிடுகிறது. இந்த வயதுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேசுவார்கள்.

அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு "ம்ம்ம்" சொல்லச் சொன்னேன். சத்தம் சட்டென்று நின்றது! உதடு மூடியிருக்கும்போது காற்றுக்கு மூக்கு மட்டும்தானே வழி. பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பாள்.

இரவு தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்தேன். ற, ன பிறக்க நுனிநாக்கு அண்ணத்தை 'ஒற்ற' வேண்டுமாம். ர, ழ பிறக்க 'வருட' வேண்டுமாம். முழுதாகத் தொடுவது, மெல்லத் தடவுவது. இன்றைய ஒலியியலும் மெய்களை வகைப்படுத்தும்போது இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. எவ்வளவு கூர்மையான காது!

நாங்கள் "காற்று" என்னும்போதும் நாக்கு மேல் முரசில்தான், அதாவது மேல் பல் ஈறில்தான், ஒற்றுகிறது. ஆங்கிலத்தில் 'டிக்கெட்' என்னும்போது வரும் t ஒலிக்கும் அதே இடம். அதனால்தான் இலங்கையில் எங்கள் பக்கம் "ரிக்கற்" என்று எழுதுகிறோம். அதைப் பிழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்று காலை போனில், "மாமா, தாதம் வந்திருக்கு" என்றாள்.