மாமாவின் கிளினிக் நாள்

இன்று மாமாவுக்கு மனநலக் கிளினிக். விடியும் முன்பே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். அதனால் கல்யாணம் முடிக்காத மாமா அம்மாவோடு இருக்கிறார். 2004 டிசம்பரில் கடல் வந்து போன பின்னர் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. (கடல்தான் காரணமா என்று கேட்காதீர்கள், டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.) பேய் என்றார்கள். தண்ணீர் ஓதினோம், நூல் கட்டினோம், கோவிலுக்கு நேர்த்தி வைத்தோம். ஆறு வருடம் அப்படியே போனது. அம்மா இன்றும் அந்த நூலை அவிழ்க்க விடுவதில்லை. குளிசையையும் ஒரு நாள் தவற விடுவதில்லை. எனக்கு அதில் சண்டையில்லை.

அந்தக் குரல்களுக்குக் குளோசாப்பின் என்ற குளிசை தொடங்கியபோது முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. குளிசையால் வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று பார்ப்பதற்கு. ஊசியைக் கண்டால் மாமா என் கையை இறுக்கிக்கொள்வார்.

தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவரைப் பக்கத்து வீட்டில் இருத்தினோம். யோசனை என்னுடையதுதான். மாலையில் வேலியருகே நின்று மெதுவாகக் கேட்டார்: “மருமகன், ஆட்கள் போய்விட்டார்களா? நான் வரலாமா?”