கொரியாவில் டேக்வாண்டோ மன்றத்தில் சேர்ந்தேன்

தென்கொரியாவின் தேஜான் நகருக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்தேன். முதல் ஆறு மாதம் ஆய்வகமும் விடுதியுமாகவே போயிற்று. இங்கே மார்ச்சில் கல்வியாண்டு தொடங்கும். அப்போது மாணவர் மன்றங்கள் வளாகத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கும். இந்த மன்றங்களைத் தோங்காரி என்பார்கள். டேக்வாண்டோ மேசையை இரண்டு முறை கடந்து போய், மூன்றாம் முறைதான் நின்றேன். அப்போது எனக்கு 27 வயது. எந்தத் தற்காப்புக் கலையும் பழகியதில்லை. அதைச் சொன்னதும் அங்கிருந்த பெண், "வெள்ளைப் பட்டைக்குத் தனி வரிசை இருக்கிறது, வாருங்கள்" என்றாள்.

விண்ணப்பம் முழுக்கக் கொரிய மொழியில் இருந்தது. ஆய்வகத் தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். பருவக் கட்டணம் 30,000 வொன். பணம் வந்ததும் மன்றத்தின் காக்காவோடாக் (இங்கத்திய வாட்ஸ்அப்) குழுவில் சேர்ப்பார்கள். மூன்று நாளாகியும் என்னைச் சேர்க்கவில்லை. விசாரித்தால், சிக்கல் என் பெயரில்! நம்மூர் இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராகிக் குடும்பப்பெயருக்கான இடத்தில் வந்துவிடுகிறது அல்லவா? இங்கே குடும்பப்பெயர்தான் முதலில் வரும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முன்னே நிற்க, இடம் போதாமல் என் பெயர் அறுந்துவிட்டது. யார் அனுப்பிய பணம் என்று மன்றத்தின் பொருளாளருக்குப் புரியவில்லை. இங்கே கட்டணம் கட்டப்போகிறவர்கள், பணம் அனுப்பும்போது பெறுபவருக்குத் தெரியும் பெயரை மாற்ற ஒரு கட்டம் இருக்கும். அதில் விண்ணப்பத்தில் எழுதிய பெயரையே போடுங்கள். வருகைப் பதிவிலும் சில வாரம் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போனில் இதைக் கேட்ட அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம்.

சீருடைக்கு டோபோக் என்று பெயர். உயரத்தைச் சென்டிமீட்டரில் சொன்னால் அளவு கிடைத்துவிடும்.

முதல் வகுப்பில் மிரண்டுபோனேன். பாதிப் பேர் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்கள். இங்கே பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் டேக்வாண்டோ கூடத்துக்குப் போவது, நம்மூரில் டியூஷன் போவது மாதிரி. 15 வயதுக்குள் கறுப்புப் பட்டைக்கான தேர்வில் தேறுகிறவர்களுக்கு சிவப்பும் கறுப்புமான பூம் பட்டை கொடுப்பார்கள். அப்படி வளர்ந்தவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். என்னைவிட எட்டு வயது சின்னப் பெண்கள் 'ஒன்னி' என்பார்கள். அக்கா என்று அர்த்தம். என் காதில் அது 'அண்ணி' என்றே விழும்.

சுழற்றி உதைக்கும் 'தொல்யோ சாகி'தான் என்னை வாட்டியது. இரண்டு வாரத்தில் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. உதைப்பதோ வலது கால்! உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒருநாள் மூத்த மாணவி ஒருத்தி என் எதிரே தரையில் உட்கார்ந்து, உதைக்கும் காலைப் பார்க்காமல் ஊன்றிய பாதத்தையே கவனித்தாள். பாதம் அசையாமல் நிற்க, இடுப்பு மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்குகிறது என்று காட்டினாள். ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்க்கும்வரை பாதம் சுழல வேண்டும். அதன்பிறகு ஒரு மாதம் உயர உதைக்கும் ஆசையை விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்புவதை மட்டுமே பழகினேன். வலி போயிற்று. உதை தானாகவே இடுப்புக்கு மேலே ஏறியது. புதிதாகச் சேர்கிறவர்களே, முழங்கால் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். உங்கள் ஊன்று காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூனில் தேர்வு வந்தது. டேகுக் என்னும் அசைவு வரிசைகள் எட்டில் முதலாவதைச் செய்து காட்ட வேண்டும். 18 அசைவுகள், பெரும்பாலும் நடந்தபடியே தடுப்பதும் குத்துவதும். வானத்தைக் குறிக்கும் வரிசை அது. கடைசி அசைவில் வலது காலை முன்வைத்துக் குத்தும்போது அடிவயிற்றிலிருந்து 'கிஹாப்' கொடுக்க வேண்டும். கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

மறுநாள் குழுவில் முடிவு வந்தது. பட்டியலில் என் பெயர், என் பெயராகவே இருந்தது. மஞ்சள் பட்டை. அடுத்த வகுப்பில் இரண்டாம் டேகுக்கைத் தொடங்கிவிட்டோம்.