வயதைப் பிரித்துப் போட்ட பிறகு

பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் ஒட்டுறவுப் பாடம் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற கணக்கு) வந்தால் புத்தகத்துக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்த வருஷம்தான், எதிரில் இத்தனை பிள்ளைகள் இருக்கும்போது இவர்களையே அளந்தால் என்ன என்று தோன்றியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை, உயரமும் எடையும்.

அளப்பதுதான் பெரும்பாடு. ஜூலை மாத மூட்டத்தில் எல்லோரும் ஸ்வெட்டரோடு நிற்கிறார்கள். கழற்றச் சொன்னால் "குளுருது மிஸ்". எடை மெஷின் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் குலுங்கி வந்த சாமான். நம்பாமல் பத்து உப்புப் பாக்கெட்டை அடுக்கிப் பார்த்தேன். வகுப்பறைக் குண்டும் குழியுமான தரையில் குறைத்துக் காட்டியது, வராண்டாவில் சரியாக நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் ஏறவே மாட்டேன் என்றாள். "எல்லார் முன்னாடியும் கத்திச் சொல்றாங்க மிஸ்." எழுதுகிறவள் மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும் என்று மாற்றிய பிறகே ஏறினாள். எனக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி என்று சார்ட்டில் சிதறல் விளக்கப்படம் போட்டோம். புள்ளிகள் எறும்புச் சாரி போல மேலேறின, ஒன்றைத் தவிர. உயரம் 41, எடை 149! கட்டம் மாற்றி எழுதிய புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதைத் திருத்தியதும், இரண்டும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று சொல்லும் எண்ணான ஒட்டுறவுக் கெழு ஏறிவிட்டது. "உயரம் கூடினா எடையும் கூடுது, அவ்ளோதான் மிஸ்" என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

எட்டாம் வகுப்புப் பையன்களை மட்டும் தனித்தாளில் போடச் சொன்னேன். சாரி கலைந்து கொசுக்கூட்டமானது. பதினொரு வயதுப் பொடிசையும் பதினாறு வயதுக்காரனையும் ஒரே தாளில் போட்டால் கெழு பெரிதாகத்தான் வரும். வயதுதான் உயரம், எடை இரண்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. பெண்கள் 12 வயது வாக்கிலும் பையன்கள் 14 வாக்கிலும் கிடுகிடுவென உயரமாகிறார்கள். சதை பிடிப்பது சில மாதம் பிந்தித்தான். ஒரே பெஞ்சில் ஒருவன் ஆரம்பித்திருப்பான், பக்கத்திலிருப்பவன் இன்னும் காத்திருப்பான்.

பெல்ஜியத்துப் புள்ளியியல் அறிஞர் கெட்லே 1835லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகிறது, வளரும் பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு அப்படியே நிற்பதில்லை. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்குக்குத்தான் 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) என்று பெயர் வைத்தார். 152 செ.மீ., 48 கிலோ என்றால் 20.8. பெரியவருக்கு அது போதும். பிள்ளைக்கு வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதுவரைக்கும் 2007இல் தனி அட்டவணை கொடுத்திருப்பது அதனால்தான்.

பெற்றோர் கூட்டத்துக்குக் காப்பித் தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்த ஓர் அம்மா குறைப்பட்டுக்கொண்டார். "ஏனுங்க மிஸ், ஜூன்ல தெச்ச பேண்ட்டு கணுக்காலுக்கு மேல போயிருச்சு. ஆளு ஒட்டடைக்குச்சியாட்டம் நிக்கிறான். நான் சோறே போடறதில்லைன்னு பேசுவாங்கல்ல?"

"எடை பின்னால வருமுங்க. ரத்தம் மட்டும் ஒருக்கா பாத்துருங்க" என்று சொல்லி, அந்தப் புள்ளித் தாளைக் காட்டினேன்.

"இதுல எம்பையன் எது?"

காட்டினேன். காப்பிக் கறை படிந்த விரலை அந்தப் புள்ளிமேல் வைத்துப் பார்த்தார். புள்ளி மறைந்தே போனது. "வூட்டுல வாசநெலையில தல இடிக்கிறான், இங்க இத்துனூண்டா இருக்கான்" என்று சிரித்தார்.