அந்த 3 சதவீதம்

ஒயின் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படித்தேன். கலந்திருக்கும் மூன்று திராட்சை வகைகளும் சதவீதக் கணக்கில்: கபர்னே சோவின்யோன் 65, மெர்லோ 32, பெட்டி வெர்டோ 3.

அந்த 3-லேயே கண் நின்றுவிட்டது.

பிரான்சின் போர்தோவில் இந்தத் திராட்சைகள் ஒன்றாகப் பழுப்பதில்லை. மெர்லோ முந்திக்கொள்ளும். கபர்னே தாமதம். பெட்டி வெர்டோ எல்லாவற்றுக்கும் கடைசி. வெயில் போதாத வருடங்களில் சரியாகப் பழுக்காமலே போய்விடும். பூக்கும் நேரத்தில் குளிர் அடித்தால் மெர்லோவுக்கு அடி, அறுவடையில் மழை பிடித்தால் கபர்னேவுக்கு. ஆகவே இந்தக் கலப்பில் ருசியோடு, வானத்தை நம்ப முடியாத விவசாயியின் முன்யோசனையும் இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கிறது.

அப்புறம் மண். போர்தோவில் ஆற்றின் இடது கரையில் இருக்கும் மெடோக் பகுதியில் சரளைக்கல் நிலம். தண்ணீர் தேங்காது, பகல் சூட்டைப் பிடித்துவைக்கும். தாமதமாகப் பழுக்கும் கபர்னேவுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையின் பொமரோல் பகுதியில் குளிர்ந்த களிமண், அங்கே மெர்லோவின் ராஜ்ஜியம்.

 

இன்று அந்த 3 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு மிடறிலும் தேடினேன். கோப்பையின் கருமையிலும், நாக்கோரத்துத் துவர்ப்பிலும் அது இருப்பதாகத் தோன்றியது.